எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு கார் இன்ஜினை டியூன் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

எத்தனாலுக்கு டியூன் செய்வது என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது டைமிங்கை ஏற்றி, அதாவது தீப்பொறியை இன்னும் முன்கூட்டியே விழவைத்து, பவர் எடுப்பதுதான். ஆக்டேன் அதிகம், நாக்கிங் (எரிபொருள் தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டுவது) சுலபத்தில் வராது, தாராளமாக ஏற்றலாம் என்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் அது கடைசி வேலை. எத்தனாலில் ஓடும் இன்ஜின் கெட்டுப்போவது பெரும்பாலும் எரிபொருள் போதாமல் லீனாக ஓடித்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் எரிபொருளைப் பற்றியே இருக்கும். தீப்பொறி அப்புறம்தான்.

எந்தக் கலவை, எவ்வளவு வேலை

ஈ10, ஈ20, ஈ85 என்பதில் வரும் எண் கொள்ளளவில் எத்தனாலின் சதவீதம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். சுத்த எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக ஆக்ஸிஜன் ஏற்கெனவே இருக்கிறது. கலவையில் இந்த விகிதம் ஈ10-க்கு 14.1, ஈ20-க்கு 13.5, ஈ50-க்கு 11.8, ஈ85-க்கு 9.8 என்று இறங்குகிறது. காற்று அதே அளவுதான் உள்ளே போகிறது. ஆகவே எரிபொருளைத்தான் கூட்ட வேண்டும்.

ஆற்றல் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. ஈ20-இல் லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறையும். ஈ85-இல் கால் பங்குக்கு மேல் போய்விடும். எந்த டியூனிங்கும் இந்தக் கணக்கைப் புரட்டிவிடாது. மைலேஜ் குறையாமல் ஈ85 ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஈ10 வரை சாதாரண ஊசிமுறை (இன்ஜெக்டர் வழியாக எரிபொருளைப் பீய்ச்சும்) இன்ஜின்களில் டியூனிங் என்று எதுவும் தேவையில்லை. ஈ20-க்கு, அதற்கென்று வடிவமைக்காத காரில் குழாய்களையும் சீல்களையும் பார்க்க வேண்டும், டிரிம் எண்களையும் (சென்சாரைப் பார்த்து இன்ஜின் கணினி தானாகக் கூட்டும் அல்லது குறைக்கும் எரிபொருள் சதவீதம்) பார்க்க வேண்டும். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். ஈ40, ஈ50 என்று மேலே போகும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஈ85 என்றால் இன்ஜெக்டர், பம்ப், மேப் (எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் அட்டவணை) மூன்றையுமே தொட வேண்டும்.

நேரடி ஊசிமுறை (எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜின் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் உயர் அழுத்தப் பம்பின் கொள்ளளவும், எரிபொருள் உள்ளே போகக் கிடைக்கும் குறுகிய நேரமும் சீக்கிரமே கையைக் கட்டிவிடும். கீழே சொல்வது பெரும்பாலும் இன்டேக் போர்ட்டில் பீய்ச்சும் இன்ஜின்களுக்கானது.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈசியூவை (இன்ஜின் கணினியை) தொட்டால் வாரண்டி போகலாம். சாலையில் ஓடும் வண்டிக்கு உமிழ்வு விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்தில் என்ன விதி என்று பாருங்கள்.

டேங்கில் உண்மையில் இருப்பது என்ன

மேப்பைத் திறப்பதற்கு முன் எரிபொருளைச் சோதியுங்கள். பெயரில் 85 என்று இருப்பதாலேயே உள்ளே 85 சதவீதம் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அமெரிக்கத் தரவிதியில் ஈ85 என்ற பெயரில் விற்கும் எரிபொருளில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம். குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காக எத்தனாலைக் குறைத்து விற்கிறார்கள்.

சோதனை எளிது. 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை எரிபொருளை நிரப்புங்கள். மூடி, நன்றாகக் குலுக்கி, சில நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அடி அடுக்கு 28 மில்லிக்கு வந்தால், அதில் 18 மில்லி எத்தனால். நீங்கள் ஊற்றியது 90 மில்லி எரிபொருள். 18-ஐ 90-ஆல் வகுத்தால் 20 சதவீதம். ஒன்றிரண்டு சதவீதம் பிசகலாம், பரவாயில்லை. திறந்த வெளியில், தீ எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். மிச்சத்தைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீர் இருக்கிறது.

எரிபொருள் தொடும் பாகங்கள்

எத்தனால் ஒரு கரைப்பான். பழைய ரப்பர், கார்க் கேஸ்கெட், மலிவான நைட்ரைல் ஓஸ் எல்லாம் அதில் ஊறி உப்பும், அல்லது காய்ந்து வெடிக்கும். உலோகத்தில் துத்தநாகம், மெக்னீசியம், ஈயப் பூச்சுள்ள பழைய இரும்பு டேங்க் ஆகியவற்றுக்கு ஆகாது. பூச்சில்லாத அலுமினியமும் அதிக எத்தனாலில் அரிக்கும். தாங்குபவை விட்டான் வகை ஃப்ளோரோ ரப்பர், டெஃப்லான், நைலான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஓஸ் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஊசிமுறை அழுத்தத்துக்கு எஸ்ஏஇ 30ஆர்9 தரம் வேண்டும். டேங்குக்குள் எரிபொருளில் மூழ்கிக் கிடக்கும் ஓஸுக்கு 30ஆர்10. வெளியே போடும் ஓஸ் துண்டை வெட்டி உள்ளே போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அது வெளித்தோலிலிருந்து ஊறி, சில மாதத்தில் களிம்பாகிப் பம்பின் வாயை அடைக்கும்.

பழைய டேங்க் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. பல வருடமாகப் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். முதல் இரண்டு மூன்று டேங்க் ஓடியதும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். அதற்கு முன்பே மேல் வேகத்தில் இழுவை குறைந்தால், முதலில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள்.

இன்ஜெக்டர் கணக்கு

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த இடத்தில் அவசரம் கூடாது.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 6000 ஆர்பிஎம்-இல் ஒரு சுழற்சியை முடிக்க 20 மில்லிசெகண்ட் ஆகிறது. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தாலும் இந்த 20-க்குள் அடங்க வேண்டும். 80 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது நல்ல பழக்கம், அதாவது 16 மில்லிசெகண்ட். உங்கள் கார் பெட்ரோலில் முழு ஆக்சிலேட்டரில் சரியாக அந்த 16-ஐ எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஈ20 ஊற்றினால் கொள்ளளவில் சுமார் 7 முதல் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். 16 மில்லிசெகண்ட் 17.2 ஆகும், அதாவது 86 சதவீதம். விளிம்புதான், ஆனாலும் ஓடும். ஈ85-க்குக் கொள்ளளவில் சுமார் 43 சதவீதம் கூடுதல் வேண்டும். 16 என்பது 22.9 ஆகிறது. இருப்பதோ 20. மேப்பில் எந்த எண்ணைப் போட்டாலும் இன்ஜெக்டர் மூடாமலே திறந்து கிடக்கும், எரிபொருளும் போதாது. அந்த நிலையில் முழு லோடு கொடுத்தால் பிஸ்டன் பதில் சொல்லும்.

இதையே இன்ஜெக்டர் அளவில் பாருங்கள். நான்கு சிலிண்டர், 100 கிலோவாட் இன்ஜினுக்கு, டர்போ இல்லையென்றால், பெட்ரோலில் நிமிடத்துக்கு 220 சிசி தரும் இன்ஜெக்டர் ஏறக்குறைய போதும். ஈ85-க்கு அதே கணக்கு 315 சிசி கேட்கும். குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கும் சேர்த்து 350 முதல் 400 சிசி வாங்குவது நல்லது. அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் ஐடிலில் அடி வாங்குவீர்கள். மிகக் குறுகிய நேரம் திறக்கும்போது பெரிய இன்ஜெக்டரின் அளவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், இன்ஜின் தள்ளாடும்.

பிரஷரை ஏற்றிச் சமாளிக்கலாமா? ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தில்தான் கூடும். 3 பாரை 4 பாராக ஏற்றினால் 15 சதவீதம்தான் கூடுதல் கிடைக்கும். ஈ20, ஈ30-க்கு இது போதும். ஈ85-க்குப் போதாது. போதாததற்கு, அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தள்ளும் அளவு குறையும்.

பம்பும் அதே 43 சதவீதத்தைக் கூடுதலாகத் தள்ள வேண்டும். அதைச் சோதிக்க நல்ல வழி, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாயில்) பிரஷர் சென்சார் வைத்து முழு லோடில் பதிவு செய்வது. ஆர்பிஎம் ஏறும்போது, இன்டேக் மேனிஃபோல்டோடு ஒப்பிட்ட பிரஷர் நிலையாக நிற்க வேண்டும். மேலே போகப்போகச் சரிந்தால் பம்ப், ஃபில்டர், வயர் மூன்றில் ஒன்று போதவில்லை. வயரை மறந்துவிடாதீர்கள். பழைய வயரில் வோல்டேஜ் விழுந்தால் புதுப் பம்பும் சோம்பலாகத்தான் சுற்றும்.

அடிப்படை மேப்: காற்றைத் தொடாதீர்கள்

புது இன்ஜெக்டர் போட்டதும் அதன் ஓட்ட அளவையும் டெட் டைமையும் ஈசியூவில் பதியுங்கள். டெட் டைம் என்பது மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் உண்மையில் திறக்க எடுக்கும் தாமதம். பேட்டரி வோல்டேஜ் குறையக் குறைய அது கூடும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையை அப்படியே போடுங்கள். குத்துமதிப்பாகப் போட்டால் ஐடிலும் ஸ்டார்ட்டும் கடைசிவரை சரியாகாது.

எரிபொருள் மாடல் உள்ள ஈசியூ என்றால், காற்று-எரிபொருள் விகிதத்தையும் அடர்த்தியையும் கலவைக்கு ஏற்ப மாற்றினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. பழைய வகை என்றால் மொத்தப் பெருக்கல் எண்ணைக் கூட்டுங்கள். எதுவானாலும் விஇ டேபிளில் கை வைக்காதீர்கள். அது சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று சொல்லும் டேபிள். எரிபொருளை மாற்றியதால் காற்றின் அளவு பெரிதாக மாறிவிடாது. அந்த டேபிளின் கட்டங்களைத் தூக்கிச் சமாளிப்பவர்கள் அடுத்த முறை பெட்ரோலுக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்து, லாம்டாவில் யோசிக்கப் பழகுங்கள். லாம்டா 1 என்றால் காற்றும் எரிபொருளும் சரிக்குச் சரி, எந்த எரிபொருளானாலும். எக்ஸாஸ்டில் இருக்கும் வைட்பேண்ட் சென்சார் உண்மையில் அளப்பது லாம்டாவைத்தான். மீட்டர் அதைப் பெட்ரோல் கணக்கில் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் ஈ85-இல் சரியாக ஓடும் இன்ஜினுக்கும் மீட்டர் 14.7 என்றே காட்டும். ஈ85-க்கு 9.8 தானே வேண்டும் என்று எரிபொருளைக் கொட்டிக் கொட்டிப் பிளக்கை நனைத்தவர்கள் நிறைய. மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் லாம்டா 1. முழு லோடில், டர்போ இல்லாத இன்ஜினை 0.85-இலும் டர்போ இன்ஜினை 0.80-இலும் தொடங்குங்கள். எத்தனால் ரிச் பக்கம் (லாம்டா 1-க்குக் கீழே, எரிபொருள் கூடுதலாக) தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும், பவர் அவ்வளவாகக் குறையாது. லீன் பக்கம் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பெட்ரோல் காரில் ஈ20 மட்டும் ஊற்றி ஓட்டுபவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. ஓபிடி ஸ்கேனரை (ஈசியூவின் எண்களைப் படிக்கும் கருவியை) மாட்டி, நீண்டகால எரிபொருள் டிரிம்மைப் பாருங்கள். சுத்தப் பெட்ரோலுக்கு அமைத்த காரில் அது முன்பு இருந்ததைவிட 7, 8 ஏறியிருந்தால் அது எத்தனாலின் கணக்கு, இயல்பானதுதான். பிளஸ் 15, 20 என்று காட்டினால் எத்தனால் மேல் பழியைப் போடாமல் காற்றுக் கசிவையும் எரிபொருள் பிரஷரையும் பாருங்கள். பெரும்பாலான கார்களில் டிரிம் பிளஸ் 25-ஐ நெருங்கும்போது பி0171 (கலவை லீன்) என்ற பிழைக் குறியீடு விழும். கவனிக்க வேண்டியது, பல கார்கள் முழு ஆக்சிலேட்டரில் சென்சாரைப் பார்த்துத் திருத்துவதில்லை. மெதுவாக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருந்து, அழுத்தும்போது மட்டும் லீனாகப் போவது இப்படித்தான்.

இன்ஜெக்டர் வயருக்கு நடுவில் மாட்டி, துடிப்பை நீட்டிவிடும் சின்னப் பெட்டிகள் விற்கின்றன. இன்ஜெக்டருக்குத் திறக்க நேரமே இல்லாதபோது துடிப்பை நீட்டி என்ன பயன்? அதை வாங்கும் பணத்தை வைட்பேண்ட் சென்சாரில் போடுங்கள்.

குளிரில் ஸ்டார்ட்

எத்தனால் ஆவியாகித் தீப்பிடிக்கும் வெப்பநிலை சுமார் 13 டிகிரி செல்சியஸ். பெட்ரோலுக்கு அது மைனஸ் 40-க்குப் பக்கத்தில். அதனால்தான் காலைக் குளிரில் எத்தனால் கார் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பிரேசிலின் எத்தனால் கார்களில் ஸ்டார்ட்டுக்கென்றே தனியாக ஒரு சின்னப் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். ஈ85-இல் கலந்திருக்கும் கொஞ்சம் பெட்ரோல் செய்வதும் இதே வேலைதான்.

கிராங்கிங் எரிபொருள் டேபிளைக் குளிர்ந்த பக்கம் 10, 15 சதவீதப் படிகளில் ஏற்றுங்கள். தண்ணீர் வெப்பநிலை 60 டிகிரிக்கு மேல் உள்ள கட்டங்களைக் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். பிடித்த பிறகு அணைந்தால் ஸ்டார்ட்டுக்குப் பிந்தைய கூடுதலையும், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது இருமினால் முடுக்கக் கூடுதலையும் ஏற்றுங்கள். குளிர்ந்த போர்ட் சுவரில் எத்தனால் ஈரமாக ஒட்டிக்கொண்டு தாமதமாக வருவதுதான் அந்த இருமல். பிளக் நனைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு சுற்றுங்கள். பெரும்பாலான ஈசியூக்கள் அப்போது எரிபொருளை நிறுத்திவிடும்.

இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு முறை பிடித்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிடும், அடுத்த உண்மையான சோதனை மறுநாள் காலையில்தான். ஒரு நாளைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

இப்போது டைமிங்

லாம்டா எல்லா லோடிலும் சொன்னபடி நிற்கிறதா, பிரஷர் சரியவில்லையா? சரி, இப்போது தீப்பொறிக்கு வரலாம்.

எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108. ஆனால் பாதி லாபம் குளிர்ச்சியில் இருக்கிறது. ஆவியாவதற்கு ஒரு கிலோ பெட்ரோல் சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். எத்தனால் சுமார் 900. அதோடு எத்தனால் அதிகமாகவும் ஊற்றப்படுகிறது. ஒரு கிலோ காற்றுக்குக் கணக்குப் போட்டால் பெட்ரோலுக்கு 24, எத்தனாலுக்கு 100. நான்கு மடங்கு. டர்போ இன்ஜின்களுக்கு எத்தனால் பிடிப்பது இதனால்தான்.

பெட்ரோல் டைமிங் மேப்பிலிருந்தே தொடங்குங்கள். நாக்கிங்குக்குப் பயந்து முன்பு குறைத்து வைத்த அதிக லோடு கட்டங்களை மட்டும் தொட வேண்டும். குறைந்த லோடில் டைமிங் ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, டைனோவில் (இன்ஜினின் பலத்தை அளக்கும் மேடையில்) டார்க்கை (சுழற்றும் விசையை) பாருங்கள். முதல் டிகிரிகளுக்கு டார்க் நன்றாகவே கூடும், பிறகு கூடுதல் சுருங்கும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்கி நிறுத்துங்கள்.

பெட்ரோலில் இந்த எல்லையைத் தொடும் முன்பே நாக்கிங் சத்தம் போட்டு எச்சரித்துவிடும். ஈ85 எச்சரிக்காது. நாக்கிங்கே இல்லாமல் எல்லையைத் தாண்டிப் போகலாம். சிலிண்டர் பிரஷர் ஏறும், டார்க் ஏறாது, கடைசியில் கனெக்டிங் ராடும் ஹெட் கேஸ்கெட்டும் அதைச் சுமக்கும். காதை மட்டும் நம்பி ஈ85-க்கு டைமிங் வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். டைனோ இல்லையென்றால் பெட்ரோல் மேப்பைவிட இரண்டு மூன்று டிகிரி ஏற்றி அத்தோடு திருப்தி அடையுங்கள்.

டைமிங்கையும் பூஸ்டையும் (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தையும்) நன்றாக ஏற்றினால் ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றலாம். பிளக்கின் நிறத்தைப் பார்த்து ரிச்சா லீனா என்று சொல்லும் பழைய வித்தை இங்கே உதவாது. எத்தனால் கரியில்லாமல் எரியும், பிளக் எப்போதும் வெளுப்பாகவே தெரியும்.

ஃப்ளெக்ஸ் சென்சார்

ஒரே கலவை எப்போதும் கிடைக்காது என்றால் இதைப் போட்டே ஆக வேண்டும். எரிபொருள் லைனில் மாட்டும் இந்த சென்சார் மின்காப்பு மாறிலியை அளக்கிறது. பெட்ரோலுக்கு அது 2 அளவில், எத்தனாலுக்கு 24 அளவில் இருப்பதால் கலவை தெளிவாகத் தெரியும். பரவலாகப் பயன்படும் வகை 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை சிக்னல் தரும். 50-ஐக் கழித்தால் மிச்சம் எத்தனால் சதவீதம். 150-க்கு மேல் வெகுவாகப் போனால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

ஈசியூவில் பெட்ரோல் மேப் ஒன்று, எத்தனால் மேப் ஒன்று வைத்து, நடுவில் சென்சார் சொல்லும் அளவில் கலக்க வேண்டும். எரிபொருளை ஏறக்குறைய நேர்கோட்டில் கலக்கலாம். டைமிங்குக்கு நேர்கோடு பொருந்தாது. நாக்கிங்கைத் தடுக்கும் பலனில் பெரும்பங்கு ஈ40-க்குள்ளேயே வந்துவிடும், அதற்குப் பிறகு கோடு படுத்துவிடும். சென்சார் அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். எரிபொருளுக்குக் கடைசியாகத் தெரிந்த கலவை, டைமிங்குக்குப் பெட்ரோல் மேப், டர்போ இருந்தால் குறைந்த பூஸ்ட். டேங்க் நிரப்பியதும் புதுக் கலவை சென்சாரை எட்டச் சிறிது நேரம் எடுக்கும். அதுவரை அழுத்தி ஓட்டாதீர்கள்.

கார்புரேட்டர் வண்டி

இதில் ஈசியூ இல்லை, எரிபொருளை அளந்துவிடும் சின்னத் துளையான ஜெட்தான் எல்லாம். எரிபொருள் எத்தனை மடங்கு கூட வேண்டுமோ ஜெட்டின் பரப்பும் அத்தனை மடங்கு கூட வேண்டும்; விட்டம் அதன் வர்க்கமூல அளவில் கூடினால் போதும். ஈ20-க்கு 1.00 மி.மீ. மெயின் ஜெட் ஏறக்குறைய 1.04 ஆகும்; ஈ85-க்கு 1.20. ஐடில் ஜெட்டையும் ஆக்சிலரேட்டர் பம்பையும் அதே விகிதத்தில் கூட்டுங்கள், ஃப்ளோட் ஊசியின் வாயும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணம் காலியாகும். ஈ85-க்கு ஜெட் மாற்றிய வண்டியில் பெட்ரோல் ஊற்றினால் கரும்புகை வரும், திரும்பும் வழி ஜெட்டைக் கழற்றுவதுதான்.

ஓட ஆரம்பித்த பிறகு

சூடாகும் முன்பே அணைத்துவிடும் குட்டிப் பயணங்கள் எத்தனாலுக்கு ஆகாது. எரியாத எரிபொருளும் தண்ணீரும் ஆயிலில் இறங்கும், மூடியின் அடியில் வெளுத்த களிம்பு படியும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நல்ல சூட்டில் ஓட்டுங்கள், ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள்.

வண்டியில் தீயணைப்புக் கருவி வைப்பதானால் உலர்தூள் வகை வையுங்கள். சாதாரண நுரையை எத்தனால் உடைத்துவிடும். எத்தனால் அதிகமுள்ள தீயின் சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் எத்தனாலோடு நிறுத்தாதீர்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். குறைந்த கலவைகளில் தண்ணீர் ஓரளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஈ10-க்கு 15 டிகிரி வெப்பத்தில் அந்த அளவு சுமார் அரை சதவீதம்தான். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கை ஏறக்குறைய காலியாக்கி, எத்தனால் குறைந்த பெட்ரோலால் நிரப்பி, அது இன்ஜெக்டர் வரை வரும்படி இருபது நிமிடம் ஓட்டி, அப்புறம் நிறுத்துங்கள். ஃப்ளெக்ஸ் சென்சார் இல்லாத வண்டி என்றால், நிரப்புவதற்கு முன்பே பெட்ரோல் மேப்பை ஏற்றிக்கொள்ளுங்கள்.